ஆண்டு விழா உடையும் பெற்றோர் பொறுப்பும்

தை பிறந்துவிட்டால் நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழாப் பேச்சும் பிறந்துவிடும். வாடிப்பட்டியிலும் அப்படித்தான். மாலையில் மேடை, வண்ண விளக்குகள், நெஞ்சு அதிரும் ஒலிபெருக்கி. எல்.கே.ஜி. குழந்தை முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வரை ஏதாவது ஒரு பாட்டுக்கு ஆட வேண்டும். அதற்குச் சில வாரங்களுக்கு முன் வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு வரும்: இன்ன நிறம், இன்ன உடை, இவ்வளவு ரூபாய். இப்போதெல்லாம் சீட்டுக்குப் பதில் வாட்ஸ்அப்பில் உடையின் படமே வந்துவிடுகிறது. அது வந்த அன்று இரவு நம்மவர் வீடுகள் பலவற்றில் சச்சரவுதான். மறுநாள் மக்தபுக்கு ஓத வரும் பிள்ளைகளிடம் தாய்மார்கள் கேட்டு விடுவார்கள்: "ஹஜ்ரத், இந்த உடையைப் போட விடலாமா, கூடாதா?"

ஆட்டத்தையும் இசையையும் பற்றி உலமாக்கள் கூறியிருப்பது தனிப் பாடம். அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. உடையை மட்டும் பார்ப்போம்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, இந்த மஸ்அலாவில் கேள்வி கணக்கு யாருக்கு என்பது. பருவமடையும் வரை பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபிமொழி. எட்டு வயதுச் சிறுமி மேடையில் எதை அணிந்து நின்றாலும் அவளுடைய ஏட்டில் ஒன்றும் ஏறாது. அதனால் நமக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) தம் 'ஹிதாயா'வில், ஆண் குழந்தைக்குப் பட்டும் தங்கமும் அணிவிப்பதை மக்ரூஹ் என்று கூறிவிட்டு, அதற்குக் காரணமும் காட்டுகிறார்கள். மதுவைக் குடிப்பது ஹராம் என்றால் குடிக்கக் கொடுப்பதும் ஹராம்; அதுபோல அணிவது ஹராமானதை அணிவிப்பதும் ஆகாது. பிள்ளைக்குக் குற்றமில்லை, போட்டுவிட்ட கைக்கே குற்றம். நம் ஹனஃபி மத்ஹபில் குழந்தை உடையைப் பற்றிய பேச்செல்லாம் இந்த அடிப்படையின் மேல்தான் நிற்கிறது. (ஷாஃபியீ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், சிறுவனுக்குப் பட்டு அணிவிக்கப் பொறுப்பாளருக்கு அனுமதி உண்டு என்பதையே பலமான சொல்லாக எடுத்துள்ளார்கள். ஆகவே காயல்பட்டினத்து உறவினர் வீட்டுப் பையன் பட்டுச் சட்டையில் வந்தால் அவர்களோடு வாதாடப் போக வேண்டாம்.)

கடையில் 'பட்டு' என்று சொல்லி விற்பவை பெரும்பாலும் பாலியஸ்டர்தான். ஹராமானது பட்டுப்புழுவின் பட்டு. பாலியஸ்டர் மினுமினுத்தாலும் இந்தச் சட்டத்துக்குள் வராது. பெண் குழந்தைக்கு அசல் பட்டுப் பாவாடையே போட்டாலும் தடையில்லை. தங்கச் சங்கிலி விஷயத்தில் மட்டும் நாம் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லும் முன் நம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுன்னத் கல்யாணத்தில் பையன் கழுத்தில் சங்கிலியும் விரலில் மோதிரமும் போட்டு ஊர்வலம் விடுகிறவர்கள் நாம்தாமே!

மறைப்பைப் பற்றிய சட்டம் வயதோடு வளர்வது. திமிஷ்கின் அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் கிதாபில் உள்ளதன் சாரம்: நான்கு வயதுக்கு உட்பட்ட மிகச் சிறு குழந்தைக்கு அவ்ரத் என்ற சட்டமே இல்லை. அதன்பின் அது படிப்படியாகக் கூடி, பத்து வயதானதும் பெரியவர்களுக்குரிய சட்டமாகவே ஆகிவிடுகிறது. எல்.கே.ஜி. குழந்தையின் கையில்லாத கவுனுக்காக வீட்டில் போர் தொடுப்பவர்கள் இதை அறியாதவர்கள். ஐந்தாம் வகுப்புப் பெண்ணைப் பார்த்து 'சின்னப் பிள்ளைதானே' என்பவர்களும் அறியாதவர்களே. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் பழக்கும் ஆண்டுகள். ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொன்ன மார்க்கம், பத்து வயதில் ஒரே நாளில் எல்லாவற்றையும் தலையில் ஏற்றச் சொல்லவில்லை.

இனி, பிள்ளைக்கு உடை போடுவதில் நாயகம் (ஸல்) அவர்களின் வழி எப்படி இருந்தது? புகாரி ஷரீஃபில் உம்மு காலித் (ரலி) அவர்களின் செய்தி வருகிறது. காலித் பின் ஸயீத் (ரலி) அவர்களின் மகளான அவர் அபிசீனியாவில் பிறந்தவர். பெருமானாரிடம் சில துணிகள் வந்தன. அவற்றில் வேலைப்பாடுள்ள சிறிய கறுப்பு ஆடை ஒன்று இருந்தது. இதை யாருக்கு அணிவிக்கலாம் என்று கேட்டபோது சபையில் எல்லோரும் மௌனமாயிருந்தார்கள். உம்மு காலிதைக் கொண்டு வரச் சொன்னார்கள். சிறுமியைத் தூக்கி வந்தார்கள். பெருமானார் தம் கையாலேயே அணிவித்து, இது பழசாகிக் கிழியும் வரை நீ அணிய வேண்டும் என்று வாழ்த்தினார்கள். பிறகு துணியின் வேலைப்பாட்டைக் காட்டி, 'ஸனாஹ்' என்று சொன்னார்கள். அபிசீனிய மொழியில் 'அழகு' என்பது அதன் பொருள். அக்குழந்தை பிறந்த நாட்டின் சொல்லைத் தேடி எடுத்துச் சொன்ன அன்பைக் கவனியுங்கள். பிள்ளை அழகாக உடுத்தி மகிழ்வதை மார்க்கம் வெறுக்கிறது என்று யாராவது சொன்னால், இந்த ஒரு ஹதீதே போதும்.

இதையெல்லாம் பாடமாக நடத்துகிற நானே என் வீட்டில் தவறினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு மாதமாக ஆட்டம் பழகி வந்தாள். எனக்குத் தெரியும், கேட்கவில்லை. விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது உடை வந்தது. கையில்லாத மேல்சட்டை, முழங்காலுக்கு மேல் நிற்கும் வலைப் பாவாடை. பார்த்ததும், "இதைப் போட்டு நீ போகவே வேண்டாம்" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் அழவில்லை. உடையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "அத்தா, நான்தான் முன்வரிசை" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவள் தாயாருக்கும் தெரியும். "ஏங்க, டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் என் வீட்டார். போய்க் கேட்டேன். அந்த அம்மையார் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "பாய், முன்னாடியே சொல்லியிருந்தா எல்லாப் பிள்ளைக்குமே முழுக்கையா தைக்கச் சொல்லியிருப்போமே. இன்னும் நாலஞ்சு தாய்மாருக்கும் இந்த உடை பிடிக்கல." அந்த நாலைந்து பேரில் நம்மவர் ஒருவரும் இல்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிகளே சிறு பிள்ளைகளுக்கு 'டிஸ்கோ' என்று மாலை விருந்து நடத்துவது வழக்கம். அங்கே பிரிட்டன் முஸ்லிம் கவுன்சில் 2007இல் பள்ளிகளுக்கென ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. உடை, உடற்பயிற்சி, நடனம் எல்லாம் அதில் பேசப்பட்டன. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டிசம்பரில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போதே வகுப்பாசிரியரிடம் இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

கடைசி நேரத்திலும் வழி உண்டு. அதே நிறத்தில் முழுக்கை உள்சட்டையும் கால்சட்டையும் உள்ளே போட்டால் மேடையில் வித்தியாசமே தெரியாது. மதுரைப் புதுமண்டபத்தில் திருவிழா வேடங்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளின் மாறுவேடத்துக்கும் உடை தைத்த தையற்காரர்களில் நம் சமுதாயத்தார் பலர். இப்போது குன்னத்தூர் சத்திரக் கட்டிடத்துக்கு மாறிவிட்டார்கள். கை வைத்துத் தைக்க அவர்களுக்கு ஒரு மணி நேர வேலை. வாடகை உடையென்றால் நஜீஸ் பட்டிருக்குமோ என்று சிலர் தயங்குகிறார்கள். உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹின் விதி; கறை எதுவும் தெரியாதவரை அது சுத்தமானதே. நைலான் வலைத் துணி விஷயத்தில் வேறு எச்சரிக்கை வேண்டும். தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மேடை ஓரத்தில் குத்துவிளக்கு எரியும் விழாவுக்கு அதற்கடியில் பருத்தி உடை இல்லாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

என் மகளுடைய சட்டைக்கு அதே நீல நிறத்தில் கை வைத்து, பாவாடைக்குக் கீழே சுடிதார் கால்சட்டை கொடுத்தோம். முன்வரிசையில்தான் நின்றாள். அந்தச் சட்டையையே பெருநாளைக்கும் போட்டுக்கொண்டாள். இப்போது முழங்கை கிழிந்திருக்கிறது. கழற்ற மாட்டேன் என்கிறாள்.