கிணற்று என்ஜின் யாருக்குச் சேரும்?

கேள்வி: நிலம் ஒரு வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. பிறகு வேறொரு வங்கிக் கடனில் ஆயில் என்ஜின் வாங்கி, கிணற்றடியில் சிமெண்டுத் திண்டு கட்டி மாட்டினேன். இப்போது இரு வங்கிகளுமே அதைக் கேட்கின்றன. என்ஜின் யாருக்கு?
– வாசகர், திருச்சுழி

பதில்: சிமெண்டில் போல்ட் இறக்கியதாலேயே என்ஜின் நிலமாகிவிடாது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, எதற்காகப் பொருத்தினோம் என்று பார்க்கச் சொல்கிறது. உங்கள் கேள்விக்கு உதவும் தீர்ப்பு ஒன்று உண்டு: பெருமாள் நாயக்கர் எதிர் ராமசாமி கோனார். 1969 தீர்ப்புத் தொகுப்பில் வந்த சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு. என்ஜினை ஓட்டுவதற்காகவே அதைத் தரையில் பிணைக்கிறோம். ஓடாதபோது கழற்றி வேறிடம் கொண்டுபோகலாம். ஆகவே அது அசையாச் சொத்தல்ல என்றது நீதிமன்றம். நம் கரிசல்காட்டில் இது கண்கூடு. கிணறு வற்றினால் நாலு நட்டைக் கழற்றி, என்ஜினை மாட்டுவண்டியில் ஏற்றி அடுத்த கிணற்றுக்குக் கொண்டுபோனவர்கள்தானே நாம்! கிணறும் அதன் கல்கட்டும் அப்படியல்ல, அவை நிலத்தோடு போகும்.

ஆகவே என்ஜினுக்கென்றே கடன் தந்த வங்கியின் பக்கமே வலு அதிகம். ஆனால் ஒன்று: அதே சட்டத்தின் 70ஆவது பிரிவு, அடமானச் சொத்தில் பின்னால் சேர்வதும் அடமானத்துக்குள் வரும் என்கிறது. முதல் வங்கி இதைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் அடமானப் பத்திரத்தில் 'இனிமேல் பொருத்தப்படும் இயந்திரங்கள்' என்ற வாசகம் இருந்தால் வாதம் கடினமாகும். இரண்டு பத்திரங்களின் நகலையும் எடுத்துக்கொண்டு விருதுநகர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். அதுவரை எந்த வங்கி நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.