முன்கூடம் கிளினிக் ஆகும்போது

கேள்வி: தாத்தா வீட்டின் முன்கூடத்தை கிளினிக் ஆக்கப்போகிறேன். நோயாளிகளுக்கு இதமாக எப்படி அமைப்பது?
– ஒரு டாக்டர், மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: உங்கள் பேட்டையே 1898 பிளேக்குக்குப் பிறகு, நெரிசலை விட்டுக் காற்றோட்டமாக வாழ எழுந்ததுதானே! பழைய சன்னல்களை ஏசிக்காக அடைத்துவிடாதீர்கள். சன்னல்வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்த அறுவைச் சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியதாக 1984-ல் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் எழுதினார்.

கதவைத் திறந்ததும் பரிசோதனைக் கட்டில் தெரியக் கூடாது. கீலை மறுபக்கம் மாற்றுங்கள். திரைச்சீலை பேச்சை மறைக்காது, ஆகவே காத்திருப்போரைத் திண்ணைக்கு அனுப்புங்கள். நோயாளி மேசைக்கு எதிரே வேண்டாம், பக்கவாட்டில் உட்காரட்டும். துணைக்கு வருபவருக்கும் ஒரு நாற்காலி. வாசல் ஒன்றரை அடி உயரமென்றால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். இடம் போதாவிட்டால் மடக்கிக் கட்டலாம்.