வேர்க்கொம்பு: நடுகைக் காலத்து வலிகளுக்கு ஒரு வீட்டு மருந்து

காலை முதல் மாலை வரை வயலிற் குனிந்து நாற்று நட்ட உடம்பு மறுநாட் படும் பாட்டைக் கமக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. நாரிப்பிடிப்பும் தொடைவலியும் ஆண் பெண் இருபாலார்க்கும் உள்ளவை. பெண்களுக்கோ மாதந்தோறும் அடிவயிற்றில் எழும் வலியும் இவற்றுடன் சேர்ந்துகொள்கின்றது. அந்நாட்களிலும் அவர்கள் சேற்றில் இறங்குகின்றனர், வாய்திறந்து சொல்வதுமில்லை. பயிரைப் பற்றி மட்டும் எழுதிவந்த நான் இவ்விடயத்தைத் தொடுவதற்குக் காரணம் அதுவே.

இவ்விருவகை வலிக்கும் நம் வீடுகளில் வழங்கிவரும் மருந்து இஞ்சி. சிறப்பாக, அதனை உலர்த்திப் பெறும் வேர்க்கொம்பு. தடிமனுக்கு மல்லியுடன் அவித்துக் குடிக்கும் அதே சரக்குத்தான். மாதவிடாயின்போது கருப்பையின் உட்சவ்வில் புரொஸ்தகிளாந்தின் என்னும் பொருள் மிகுந்து கருப்பைத் தசையை இறுகச் செய்வதாலேயே வலி உண்டாகின்றது. இஞ்சியின் காரப்பொருள்கள் அதன் உற்பத்தியைக் குறைக்க வல்லன. 2009ஆம் ஆண்டில் வெளியான ஈரானிய ஆய்வொன்றில் 150 மாணவியர் பங்குபற்றினர். 250 மில்லிகிராம் இஞ்சித்தூளை நாளுக்கு நான்கு முறையாக மூன்று நாட்கள் உட்கொண்டோர், வலிமாத்திரை உட்கொண்டோர்க்கு நிகரான சுகத்தைப் பெற்றனர்.

ஆகவே நாளொன்றுக்கு 1 முதல் 2 கிராம் வரை தூள் போதும். மட்டமாக வழித்த அரைத் தேக்கரண்டி ஏறக்குறைய 1 கிராம். அதனை ஒன்றரைக் கோப்பை நீரிலிட்டு ஒரு கோப்பையாக வற்றக் காய்ச்சி, மண்டியையும் விடாது, பனங்கட்டியுடன் பருகுக. உணவுக்குப் பின் காலையிலும் மாலையிலும் கொள்ளலாம். வலி முற்றும்வரை காத்திராது, முதல் அறிகுறி தோன்றியதும் தொடங்கி மூன்று நாட்கள் தொடர வேண்டும். பலர் பிந்தித் தொடங்கிவிட்டு மருந்தைக் குறைகூறுகின்றனர்.

தசைவலிக்கு இது உடனே கேட்பதன்று. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் நாளுக்கு 2 கிராம் வீதம் 11 நாட்கள் இஞ்சி உண்டவர்களுக்கு, கடும் பயிற்சியின் பின் வந்த வலி காற்பங்களவு குறைந்தது. நடுகைக்குச் சில நாள் முன்னரே தொடங்குவது நன்று. வெயிலில் வேலைசெய்கையில் கெண்டைக்காலைப் பிடித்திழுக்கும் குரக்குவலியோ வேறு. வியர்வையுடன் உப்பும் நீரும் கழிவதாலும் அது வரும். அதற்கு நிழலில் இருத்திக் காலை நீட்டிவிட்டு, உப்பிட்ட கஞ்சியோ தேசிக்காய்த் தண்ணீரோ கொடுக்க வேண்டும்.

இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும், பித்தக்கல் உடையோரும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாது இதனைத் தொடங்கலாகாது. மிகையான இரத்தப்போக்கு, காய்ச்சலுடன் கூடிய வலி, முன்னில்லாது நடுவயதிற் புதிதாகத் தோன்றும் வலி ஆகியவற்றைக் கஷாயத்தால் அடக்கிவைப்பது ஆபத்து. தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

மூன்று நாட்கள் 2 கிராம் வீதம் உட்கொள்ளும் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு வேண்டியது 72 கிராம் தூளே. 5 கிலோ பச்சை இஞ்சி உலர்ந்தால் ஏறக்குறைய 1 கிலோ வேர்க்கொம்பு கிடைக்குமாதலால், 400 கிராமுக்குக் குறைந்த பச்சை இஞ்சி போதும். இதற்கெனக் கடைக்குப் போவானேன்? ஈரவலயத்திலும் இடைவலயத்திலும் பங்குனி, சித்திரை மழையுடன் நடலாம். உலர்வலயத்தில் கிணற்று நீரும் தென்னையின் அரைநிழலும் உள்ள இடத்தில், மண்ணும் கூட்டெருவும் நிரப்பிய சாக்குகளில் வளர்க்கலாம். ஓரிரு முளையுள்ள நோயற்ற துண்டுகளை நட்டு, மேலே காய்ந்த இலைகளைப் பரப்புக. நீர் தேங்கினாற் கிழங்கழுகல் நிச்சயம். சாக்கின் அடியில் துளையிட மறவாதீர்கள். கத்தரியோ தக்காளியோ வாடி மடிந்த பாத்தியையும் தவிர்த்துவிடுக.

எட்டு முதல் பத்து மாதங்களில் இலை மஞ்சளாகிக் காயும்போது கிளறி எடுத்துக் கழுவி, மூங்கிற் சிம்பினால் தோலை மேலாகச் சுரண்டுக. வாசனையெண்ணெய் தோலுக்கு அடுத்தே இருப்பதால் கத்தியால் ஆழச் சீவுதல் நட்டம். பாயிற் பரப்பி, ஒடித்தால் சடக்கென முறியும்வரை வெயிலில் உலர்த்துக. ஈரங்கலந்த வேர்க்கொம்பு பூஞ்சணம் பிடிக்கும்; பூஞ்சணம் பிடித்ததை மருந்தாக்காது எறிந்துவிடுங்கள். நன்குலர்ந்ததை மூடியுள்ள தகரப்பேணியிலிட்டு, வேண்டியபோது மட்டும் இடித்துக்கொள்க.