கட்டையை விட்டு எவ்வளவு தூரம் போகலாம்?

வாப்பாவின் தையற்கடையில் கைபேசி உறைகளும் விற்கலாமா என்று பெருநாள் விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு வாதம் நடந்தது. விற்கலாம் என்றார் நானா. வணிகக் கல்வி படிப்பவள் என்ற தைரியத்தில் நானும் அவர் பக்கமே நின்றேன். பன்முகப்படுத்தினால் இடர் குறையும் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தேன் அல்லவா! பின்னர் ஓர் ஒப்படைக்காக டென்மார்க்கின் லெகோ கம்பனியைப் பற்றி வாசித்தபோது, அந்த வரியை அவ்வளவு இலகுவாக எழுதியிருக்கக் கூடாது என்று பட்டது.

பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்தியன்சன் என்றொரு தச்சர் இருந்தார். உலகப் பொருளாதார மந்தத்தால் தச்சு வேலை குறைந்துபோக, 1932இல் மர விளையாட்டுப் பொருட்கள் செய்யத் தொடங்கினார். 1934இல் லெகோ என்று பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. போருக்குப் பின் பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் ஒன்றை வாங்கினார். 1949இல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கட்டைகள் வந்தன. ஆனால் அவை இறுகப் பிடிக்கவில்லை. உள்ளே குழாய்கள் வைத்த இன்றைய கட்டைக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பிக்கப்பட்டது 1958 ஜனவரி 28ஆம் திகதி. தந்தை அவ்வாண்டிலேயே காலமானார். பொறுப்பு மகன் கொட்பிரெட்டிடம் வந்தது. 1960இல் மரப்பொருட்கள் இருந்த பகுதியைத் தீ அழித்தபோது, மரத்தையே கைவிடுவதென அவர் முடிவெடுத்தார். தந்தை தொடங்கிய பொருளை விடுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

அந்தக் கட்டையில் அப்படி என்ன இருக்கிறது? எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறை எடுத்தால், 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் பொருத்தலாம். 1958இன் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். ஆகவே புதிதாக வாங்கும் ஒவ்வொரு பெட்டியும் வீட்டிலுள்ள பழைய பெட்டியின் பெறுமதியைக் கூட்டிவிடுகிறது. என்னைக் கேட்டால், அந்தக் குடும்பத்தின் உண்மையான மூலதனம் இதுதான்.

ஆரம்பத்தில் கட்டைக்கு வெளியே அவர்கள் வைத்த அடிகள் கட்டையிலிருந்தே பிறந்தவை. தொழிற்சாலையிலிருந்த மாதிரி உருவங்களைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால், 1968இல் பில்லுண்டில் லெகோலாந்து பூங்கா திறக்கப்பட்டது. 1978இல் கை கால் அசையும் சிறு மனித உருவம் வந்தது. கட்டிய வீட்டில் குடியிருக்க ஆள் வேண்டாமா?

மூன்றாம் தலைமுறையான கெல் கிர்க் கிறிஸ்தியன்சனின் காலத்தில், 1990களின் பிற்பகுதியில், வேகம் கூடியது. ஆடை, கைக்கடிகாரம், கணினி விளையாட்டு, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பூங்காக்கள். 1998இல் வரலாற்றிலேயே முதற் தடவையாக நட்டம். ஆனாலும் நிற்கவில்லை. 2002இல் கலிடோர் என்ற தொலைக்காட்சித் தொடரும் அதற்கான பொம்மைகளும் வந்தன. அவற்றில் கட்டுவதற்கு அநேகமாக எதுவுமே இல்லை. 1999இல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' பெட்டிகள் நன்றாக விற்றன என்பது உண்மை. ஆனால் 2003இல் 'ஸ்டார் வார்ஸ்' படமும் வரவில்லை, 'ஹரி பொட்டர்' படமும் வரவில்லை, விற்பனை சரிந்தது. பிறர் எடுக்கும் படத்தை நம்பி நம் களஞ்சியத்தை நிரப்புவதிலுள்ள ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 2004ஆம் ஆண்டின் நட்டம் மட்டும் 100 கோடி குரோனரைத் தாண்டியது.

அவ்வாண்டில் கெல் தலைமைப் பதவியிலிருந்து விலகி, குடும்பத்தைச் சாராத 35 வயது யோர்கன் விக் க்னுட்ஸ்டோர்ப்பைப் பிரதம நிறைவேற்று அதிகாரியாக்கினார். விதவிதமாகப் பெருகிக் கிடந்த உறுப்புகளின் வகைகள் குறைக்கப்பட்டன. 2005இல் பூங்காக்களின் பெரும்பங்கு விற்கப்பட்டது. விற்றாலும் முழுவதுமாகக் கைகழுவவில்லை. கிர்க்பி என்ற குடும்ப முதலீட்டுக் கம்பனி ஒரு பங்கை வைத்துக்கொண்டது. பூங்காக்களை நடத்தும் மெர்லின் நிறுவனத்தை 2019இல் வேறு முதலீட்டாளர்களோடு சேர்ந்து வாங்கியதும் அதே கிர்க்பிதான். இன்று லெகோவின் 75 வீதம் கிர்க்பியிடமும் 25 வீதம் லெகோ மன்றத்திடமும் உள்ளன. பூங்கா தடுமாறினாலும் அந்தச் சுமை கட்டை செய்யும் தொழிற்சாலையின் தலையில் நேரடியாக விழாது. 2014இல் வந்த 'லெகோ மூவி' படத்திலும் இதே கவனத்தைக் காண்கிறேன். படத்தைத் தயாரித்தது வார்னர் பிரதர்ஸ். திரையில் தெரிந்த உலகமோ கட்டைகளால் ஆனது. கலிடோருக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஒப்படையை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எங்கட கட்டை எது மகள்?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. பாடசாலைச் சீருடை தைக்க வருபவர்கள், புத்தகப்பையின் அறுந்த வாரையும் தைத்துத் தரச் சொல்வதுண்டு என்று உம்மாதான் சொன்னார். வாப்பா இப்போது பை தைக்கும் துணியின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறார். நானாவுக்கு இன்னும் கைபேசி உறைதான்.