வியூகமா, திறமையா?

கேள்வி: பெரிய கால்பந்துப் போட்டியின் வெற்றியை நிர்ணயிப்பது வியூகமா, ஆட்டக்காரர்களின் திறமையா?
— ஒரு வாசகர், குண்டனி நாடு, கொல்லிமலை

பதில்: 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில், முதல் சுற்றிலே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்ற அதே இந்திய அணிதான், செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. சில தினங்களுக்குள் யாருடைய திறமையும் இரட்டித்துவிடாது ஆகையால், கீர்த்தியின் பெரும்பங்கு பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமையே சாரும் என்று தோன்றுவது சகஜம். தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை அவர் துணிந்து முன்னணிக்கு மாற்ற, பி. கே. பானர்ஜி முதல் கோலையும் ஜர்னைல் இரண்டாவதையும் இருபது நிமிஷங்களுக்குள் போட்டுவிட்டார்கள். ஆனால், அந்தத் தலையோடு உயரப் பந்துக்குத் தாவும் நெஞ்சுரம் ஜர்னைலிடமும், கோல் முகப்பை அடைத்து நிற்கும் ஆகிருதி நம் கோல்காவலர் பீட்டர் தங்கராஜிடமும் இல்லாதிருந்தால், ரஹீமின் யுக்தி காகிதத்தோடு நின்றிருக்கும். இன்னாரால் இன்னது முடியும் என்று அறிவதுதானே யுக்தி! ஆயினும் என் ஓட்டு சற்று ரஹீம் பக்கமே சாய்கிறது. காரணம் இதுதான்: 1963-இல் அவர் காலமானார். அதன்பின் 1964 ஆசியக் கோப்பையில் நமக்கு இரண்டாமிடம் கிடைத்தது என்றாலும், ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கமோ இன்றளவும் மீண்டும் கிட்டவில்லை.