வெல்டிங் மிஷின் மாற்றப் போகும் கண்ணுக்கு

கண்ணு, ஜீப்பின் தரைத்தகட்டை வெட்டி எடுத்துவிட்டாய் என்றும், அப்பா காலத்து மிஷின் புதுத்தகட்டில் பொத்தல் பொத்தலாகப் போடுகிறது என்றும் சொன்னாய். எந்த மிஷின் வாங்கலாம், எவ்வளவு ஆகும் என்று கேட்டாய். விலையை மட்டும் போனில் சொல்லியிருக்கலாம். கரூரில் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் ஒன்பது வருஷம், பிறகு இங்கே கோயமுத்தூரில் சொந்தக் கொட்டகையில் முப்பது வருஷம் ராடு பிடித்தவனுக்கு அவ்வளவு சுருக்கமாகப் பேச வராது. பொறுமையாகப் படி.

1. மிஷினைப் பார்க்கக் கடைக்குப் போகுமுன், எதை ஒட்டப் போகிறாய் என்று ஒரு காகிதத்தில் எழுது. ஜீப் தரை 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர். சீட் சட்டத்துக்கு ஒரு இஞ்ச் சதுரப் பைப், 2 மில்லிமீட்டர். தோப்புக்குத் தேங்காய் ஏற்றச் சின்ன டிரெய்லர் செய்தால் அதன் ஆங்கிள் 5 மில்லிமீட்டர். உன் வேலை இவ்வளவுதான். நான் இப்படி எழுதிப் பார்க்கவில்லை. கொட்டகை போட்ட முதல் வருஷம் 400 ஆம்பியர் திரீ பேஸ் செட் ஒன்றைக் கடன் வாங்கி இறக்கினேன். வந்தவரெல்லாம் அதைப் பார்த்து வாய் பிளந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. வந்த வேலையோ கேட்டும் கிரில்லும். யானையைக் கட்டிக்கொண்டு ஆட்டுக்குத் தழை வெட்டிய கதை. நாலு வருஷம் கழித்துத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஷெட் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட பழைய இரும்பு விலைக்குத்தான் அது போனது. கடன் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஓடியது.

2. இப்போது விலை. செம்புச் சுருள் போட்ட பழைய டிரான்ஸ்பார்மர் செட் ஓர் ஆள் தூக்க முடியாத கனம். இன்வெர்ட்டர் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடியேறலாம். 200 ஆம்பியர் ஆர்க் இன்வெர்ட்டர் பத்தாயிரத்துக்குள் கிடைக்கும். ராடுக்குப் பதில் ஒயர் தானாக ஓடித் துப்பாக்கி வழியாக வெளிவரும் மிக் மிஷினுக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொள். டிரெய்லரும் பைப்பும் மட்டும் என்றால் ஆர்க் இன்வெர்ட்டர் போதும். 6013 ராடு, 2.5 மில்லிமீட்டரில் ஒரு பாக்கெட், தீர்ந்தது. ஆனால் 18 கேஜ் தகட்டை ராடு வைத்து ஒட்டுவது, கொதிக்கிற எண்ணெயில் விரல் படாமல் வடை திருப்புவது போல. கை பழகியவனுக்கு முடியும். பழகுவதற்குள் தகடு சல்லடையாகிவிடும். உனக்கு மிக் வேண்டும். 0.8 மில்லிமீட்டர் ஒயர் போட்டு, பொட்டுப் பொட்டாக, ஒரு பொட்டு ஆறியபின் வேறு பக்கம் அடுத்த பொட்டு என்று தள்ளித் தள்ளி வைத்தால் தகடு நெளியாது. அதே பெட்டியில் ராடும் போடும்படி இருக்கிற மிஷினாகப் பார். இன்னொன்றையும் கடைக்காரரிடம் கேள்: துப்பாக்கியின் பிளஸ், மைனஸை மாற்றிப் போட முடியுமா? கேஸ் வைத்து ஓட்டும் சாதா ஒயருக்குத் துப்பாக்கி பிளஸ்ஸில் இருக்க வேண்டும். கேஸ் இல்லாமல் ஓடும் மருந்து ஒயருக்கு மைனஸில். மாற்ற முடியாத மிஷின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஏன் என்பதை ஐந்தாவதில் சொல்கிறேன்.

3. உன் வீட்டு லைன் என்ன தாங்கும் என்று பார். 200 ஆம்பியர் வெளியே விடும் மலிவு மிஷின், 230 வோல்ட்டில் வீட்டு மீட்டரிலிருந்து 40 ஆம்பியர் வரை இழுக்கும். உன் கார் ஷெட்டில் இருப்பது 16 ஆம்பியர் பிளக். ராடில் 90 ஆம்பியர் வைத்தாலே அந்த பிளக் எல்லைக்கு வந்துவிடும். நல்லவேளையாக உன் தகட்டுக்கு மிக்கில் 60, 70 ஆம்பியருக்கு மேல் தேவையே இல்லை. டிரெய்லர் ஆங்கிளுக்குப் போகும்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 25 ஆம்பியர் எம்.சி.பி., எர்த்தோடு இழுத்துக்கொள். கல்யாண வீட்டு சீரியல் பல்புக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதே. நான் மாட்டியிருக்கிறேன். ஒயர் சுருட்டி வைத்தபடியே சூடேறி உருகி ஒட்டிக்கொண்டது, அதை அப்படியே குப்பையில் போட்டேன். வீட்டு லைனில் சொந்த வேலை மட்டும். அக்கம்பக்கத்துக் கேட்டுக்குக் கூலி வாங்க ஆரம்பித்தால் அதற்கு வேறு இணைப்பு, வேறு கட்டணம்.

4. பெட்டியின் முகத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பாதே, முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றிருந்தால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் ஒட்டலாம், நாலு நிமிஷம் மிஷின் ஓய்வெடுக்க வேண்டும் என்று அர்த்தம். எத்தனை டிகிரி சூட்டில் சோதித்த கணக்கு என்பதையும் பார். 40 டிகிரி என்று போட்டிருப்பது நம் ஊர்ச் சித்திரைக்கு ஒத்துவரும். மனுஷனுக்கும் இந்தக் கணக்கு உண்டு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் நான் போட்ட ஒட்டில் பாதியைக் காலையில் அறுத்துத்தான் எடுத்தேன்.

5. ஆடிக்காற்றை மறக்காதே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் நம் ஊர்த் தெருவில் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். மிக் துப்பாக்கியிலிருந்து நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கேஸ் மெதுவாக இறங்கி, உருகின இரும்பைக் காற்றுப் படாமல் மூடுகிறது. ஃபேன் காற்றுகூட அந்தப் போர்வையை உருவிவிடும். அப்புறம் ஒட்டு முழுக்க ஆப்பத்து நடுவில் இருக்கிற மாதிரி ஓட்டை. என் கொட்டகைக்கு மேற்கே சுவர் கிடையாது. ஒரு ஆடி மாசம் முழுக்க மிஷினைத் திட்டினேன், ஒயரைத் திட்டினேன், கேஸ் கொடுத்தவரோடு சண்டை போட்டுப் பேச்சையே முறித்துக்கொண்டேன். கடைசியில் எங்கள் வீட்டம்மா சோறு கொண்டுவந்தவள், "கரண்ட் அடுப்பா இருந்தாலும் காத்துக்கு மறைப்பு வேண்டாமுங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். ஒரு தார்ப்பாய் கட்டினேன்; ஓட்டை நின்றது. கேஸ்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று மாசம் ஆனது. நீ தார்ப்பாயை முதலிலேயே கட்டு. வெளியில் நின்று டிரெய்லரை ஒட்டுகிற நாளில் மருந்து ஒயரைப் போட்டுக்கொள். அதற்குத்தான் பிளஸ், மைனஸ் மாற்றுகிற வசதியைக் கேட்கச் சொன்னேன்.

6. கையிலிருக்கிற பணம் முழுவதையும் மிஷினுக்கே கொடுத்துவிடாதே. மூன்றில் ஒரு பங்கை எடுத்துவை. சிலிண்டர், ரெகுலேட்டர், தோல் கையுறை, நல்ல எர்த் கிளாம்ப், கறுப்புக் கண்ணாடி முகமூடி எல்லாம் அதில் வர வேண்டும். தானாகக் கறுக்கிற முகமூடி இப்போது கைக்கெட்டும் விலைதான். கரூரில் எங்களுக்கு ஒரு கண்ணாடிக்கு மூன்று பேர். பொட்டு (டாக்) வைக்கும்போது "கண்ணை மூடிக்கோ" என்பதுதான் பாதுகாப்பு. பகலில் ஒன்றும் தெரியாது. நடுராத்திரி இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப்போட்டுத் தேய்த்த மாதிரி எழுந்து உட்காருவோம். உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக்கொண்டு விடியக் காத்திருந்த இரவுகளை என்னால் எண்ண முடியாது. இப்போது இதை எழுதுகையில் இடது கண்ணுக்குப் பூதக்கண்ணாடி.

7. ஜீப்பில் கைவைக்குமுன் பேட்டரியைக் கழற்று. பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்தே இறக்கித் தூரக் கொண்டுபோய் வை. காலி டேங்க்தானே என்று நினைக்காதே, நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் வெடிக்கும். உள்ளே இருப்பது ஆவி. எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இரும்பில் கடி. தூரத்தில் கடித்தால் கரண்ட் பேரிங் வழியாகப் பாதை தேடிப்போய் அதைக் கெடுக்கும். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சை ஒட்டும் இடத்தில் தேய்த்து எடு. அந்த வெள்ளைப் புகையை முகர்ந்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறையில் சொல்வார்கள். நானும் குடித்தேன், காய்ச்சலும் வந்தது.

ஸ்டீயரிங், பிரேக், சேஸிஸ், இந்த மூன்றிலும் முதல் இரண்டு வருஷம் துப்பாக்கி வைக்காதே. சட்டத்தையும் தெரிந்துகொள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி கம்பெனி செய்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. உச்சநீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. முன்னால் முரட்டு இரும்புக் கம்பி மாட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடு. அதற்கும் 2017லேயே தடை வந்துவிட்டது. துருப்பிடித்த தரையைப் பழையபடி செய்வது வேறு, வண்டியை வேறாக்குவது வேறு. டிரெய்லரை ரோட்டில் இழுக்கப்போகிறாய் என்றால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டு இரும்பு வாங்கு.

8. சின்ன மிஷின் என்று கூச்சப்படாதே. நம் ஊர் விஞ்ஞானி ஜி.டி. நாயுடு 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டித்தான் ஆரம்பித்தார். பெரிய மில் குடும்பத்தில் பிறந்த கரிவரதன், பந்தயக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றிருந்த காலத்தில், சாதாரண மாருதி 800 எஞ்ஜினை வைத்து ஒற்றை ஆள் ரேஸ் காரை இந்த ஊரிலேயே செய்து காட்டினார். எண்பதுகளின் கடைசியில் வந்த ஃபார்முலா மாருதி அதுதான். பணமிருந்தும் கையில் அகப்பட்ட மலிவான எஞ்ஜினைத் தேர்ந்தெடுத்தாரே, நான் மெச்சுவது அதைத்தான். நாலு பையன்கள் வண்டி ஓட்ட வேண்டுமென்றால் அது நாலு பேருக்குக் கட்டுப்படியாக வேண்டும் அல்லவா? 1995ல் போய்விட்டார். செட்டிபாளையம் பாதையில் அவர் பெயரில் ரேஸ் டிராக் இருக்கிறது, ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா.

9. இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றினேன். ராடு பொய் சொல்லாது கண்ணு. சரியாகப் பிடிக்காத ஒட்டு கோழி கிளறிய மண் மாதிரி அசிங்கமாகத் தெரியும். மிக் அப்படியில்லை. கரண்ட் குறைவாக இருந்தாலும், துரு மேலேயே ஓட்டினாலும், அழகாக, நாணயம் அடுக்கிய மாதிரி பீடு, அதாவது ஒட்டு வரி, வரும். உள்ளே இரும்பு இரும்போடு சேர்ந்தே இருக்காது. மேலே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புது மிக் மிஷின் வாங்கிய வருஷம் ஒருவருக்கு டிரெய்லர் செய்துகொடுத்தேன். கொக்கி இருக்கிற இடத்தில் ஒட்டு பிடிக்கவில்லை என்று எனக்குச் சந்தேகம். சந்தேகம் என்ன, தெரியும். மறுநாள் டெலிவரி. மேலே இன்னொரு பீடு ஓட்டி, கிரைண்டரால் வழித்து, பட்டி தடவி, பெயின்ட் அடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. பாராட்டி ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். ஏழாம் மாசம், கிணத்துக்கடவு தாண்டி மேட்டில் கொக்கி கழன்று டிரெய்லர் பின்னால் உருண்டு புளியமரத்தில் முட்டி நின்றது. ரோட்டில் ஆள் இல்லை. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை, "ஓவர் லோடு ஏத்திட்டேனுங்க" என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கூலி வாங்காமல் ஒட்டிக்கொடுத்தேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் இப்போது இல்லை.

அதனால் பிடிக்காத ஒட்டைக் கிரைண்டர் வைத்து மறைக்காதே. அறுத்து எடு. வலிக்கும், அரை நாள் போகும், அறு.

10. அக்கம்பக்கம். ஆர்.எஸ்.புரத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கிறது. உன் ஷெட்டு வெளிச்சம் எதிர்த் திண்ணைக் குழந்தையின் கண்ணிலும் விழும். தகரம் வைத்து மறை. மதியம் இரண்டிலிருந்து நாலுவரை கிரைண்டர் வேண்டாம். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். (சிறுவாணித் தண்ணீருக்காகப் பாடுபட்ட ரத்தினசபாபதி முதலியார் பெயரில் இருக்கிற பேட்டை, ஒரு வாளிக்குக் குறைச்சல் இல்லை.) வேலை முடிந்தபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திரு, பொறி விழுந்த பழைய துணி உடனே எரியாது, நீ குளிக்கப் போன பிறகுதான் எரியும்.

11. நஞ்சப்பா ரோட்டுக் கடைகளுக்கு நீ தனியாகப் போகாதே, நான் வருகிறேன். மூன்று கடையிலாவது, நம் தகட்டை அங்கேயே ஒட்டிப் பார்க்க விடுகிறார்களா என்று கேட்போம். போர்டு எரிந்தால் இந்த ஊரிலேயே யார் சரிசெய்வார் என்று கேட்போம். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு, அதனால் சனிக்கிழமை காலை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் 18 கேஜ் துண்டு ஒரு பத்து வாங்கி வைத்துக்கொள். ஒட்டுகிற ஒவ்வொன்றையும் வைஸில் கடித்துச் சுத்தியால் மடக்கிப் பார்ப்போம். தகடு கிழிந்தால் நல்லது, ஒட்டு பிரிந்தால் மறுபடி. வரும்போது டிபன் வேண்டாம், உன் பெரியம்மா சந்தகை செய்கிறாளாம்.