ஏற்றலும் மாற்றலும்

அழுகின்ற பிள்ளையைப் பார்த்து, "இதற்கெல்லாம் அழுவதா?" என்று கேளாத பெரியோர் அரியர். நல்லெண்ணத்துடனேயே கேட்கின்றனர். ஆயினும், தன் துயரம் பொய்யானது, அதனை வெளியிடுதல் குற்றம் என்பதே பிள்ளை கற்கும் பாடம். இயல்பிலேயே எளிதிற் கலங்கும் உள்ளம் வாய்ந்த ஒருவர் இத்தகைய சூழலில் நெடிது வாழ்வராயின், தம் உணர்ச்சியை இன்னதென அறியவும் ஆளவும் இயலாதவராய் வளர்தல் கூடும். 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை' என்னும் உளமருத்துவ முறை இக்கருத்திலேயே கால்கொண்டுள்ளது.

இம்முறையை வகுத்தவர் அமெரிக்க உளவியலறிஞர் மார்ஷா லினஹன் அம்மையார். சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அவர், மீண்டும் மீண்டும் தம்முயிரை மாய்க்க முயன்ற பெண்களுக்குச் சிகிச்சையளிக்கப் புகுந்தார். அக்காலத்து நடத்தைச் சிகிச்சை, மாற்றுவதொன்றிலேயே கண்ணாயிருந்தது. "நீர் மாறவேண்டும்" என்றபோது, தம் துன்பத்தை இவர் உணரவில்லையென அப்பெண்கள் வெகுண்டனர். "உம் துன்பம் நியாயமே" என்று மட்டும் கூறியபோதோ, அது நீங்க வழியே இல்லையோவென நம்பிக்கை இழந்தனர். ஆகவே இரண்டனையும் ஒருங்கே சொல்லத் துணிந்தார்: உமது நிலை, நீர் கடந்துவந்த வாழ்வை நோக்குமிடத்து விளங்கக்கூடியதே, எனினும் நீர் மாறியேயாகல் வேண்டும். முரணான ஈருண்மைகளையும் கைவிடாது மேற்செல்லும் இந்நெறியே இயங்கியல் எனப்பட்டது.

ஏற்றல் என்னும் பகுதிக்குச் சென் பௌத்தத் தியானப் பயிற்சி அவருக்குத் துணைபுரிந்தது. 'சென்' என்னும் யப்பானியச் சொல் 'தியானம்' என்னும் வடசொல்லின் வழிவந்ததென்பதை நம்மவர் அறிந்து மகிழலாம்.

மாற்றலுக்கு உரிய கருவிகளுள் 'சங்கிலி ஆய்வு' எம்மை மிகவும் கவர்ந்தது. இளைஞன் ஒருவன் மாலையில் உணவுக் கோப்பையை வீசியெறிந்தான் என்க. 'நான் கோபக்காரன்' என்று கூறி அவன் தப்பிவிட முடியாது. முதல்நாள் இரவு உறக்கமில்லை, காலையில் உண்ணவில்லை, நண்பன் முகங்கொடுத்துப் பேசவில்லை, 'என்னை எவரும் மதிப்பதில்லை' என்றோர் எண்ணம், மார்பிலே ஒரு வெம்மை, பின்னரே தாயின் சாதாரணக் கேள்வி. இவ்வாறு கண்ணி கண்ணியாக ஆராய்ந்தால், எந்தக் கண்ணியை அறுத்திருக்கலாம் என்பது புலனாகும். உறக்கமும் உணவும் அற்பமென நினைப்பார் பலர். இச்சிகிச்சையோ அவற்றைப் பாடமாகவே போதிக்கின்றது.

மற்றொன்று 'எதிர்ச்செயல்'. அச்சம் ஓடச் சொல்லும். நாணம் ஒளியச் சொல்லும். பரீட்சையிற் தவறியவன் அறைக்குள் அடைந்துகிடப்பின் நாணம் வளருமேயன்றிக் குறையாது. நண்பர்முன் தலைநிமிர்ந்து செல்வதே எதிர்ச்செயல். ஆனால் பாம்பைக் கண்டு அஞ்சுபவன் எதிர்ச்செயல் புரிதல் மடமை. உணர்ச்சி உண்மை நிலைக்குப் பொருந்துகின்றதா என முதலில் ஆராய்தல் வேண்டும்.

இவற்றைக் கற்பிக்கும் முறை பாடசாலையை ஒத்தது. வாரந்தோறும் குழு வகுப்பு, வீட்டுவேலை, நாட்குறிப்பு அட்டை, தனிச்சந்திப்பு. நெருக்கடி வேளையிற் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைக்கவும் இடமுண்டு. பெரும்பாலும் ஓராண்டு நீடிக்கும். பயிற்சி பெற்றோர் பலர் வேண்டப்படுதலின் ஏழை நாடுகளுக்கு இஃது எளிதன்று. எனினும் பயன் ஆராய்ந்து காணப்பட்டதே. 1991இல் முதலாய்வு வெளிவந்தது. 2006இல் வெளியான ஆய்வில், தேர்ந்த பிற வல்லுநரிடம் சிகிச்சை பெற்றோரினும் இம்முறையிற் பயின்றோரிடையே தற்கொலை முயற்சி ஏறக்குறைய அரைவாசியாக இருந்தது.

இவ்வம்மையார் இந்நோயாளரை இத்துணை நுட்பமாக அறிந்தது எங்ஙனம் என வியந்தோர் பலர். 2011இல், தமது 68ஆம் வயதில், ஹாட்போட் நகரின் மனநோய் மருத்துவமனையொன்றில் அவர் விடைபகர்ந்தார். 1961இல், 17 வயதுப் பெண்ணாக, அதே மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு, தன்னுடலைத் தானே காயப்படுத்தும் நோயாளியாய் ஈராண்டுக்கு மேலாக அங்கே அடைபட்டுக் கிடந்தவர் தாமே என்றார்.